தொடங்கிய சிகிச்சையை முடிப்போம்



லாலாங் புல்லைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மேலே தெரிகின்ற புல்லை மட்டும் வெட்டிவிட்டுப் போனால், சில நாட்களிலேயே அது மறுபடியும் தலை தூக்கும். மண்ணுக்கடியில் ஓடுகின்ற வேரையும் ஒழித்தால்தான் அந்த நிலம் நமக்குச் சொந்தம். பாதி வேலை செய்துவிட்டு, "வெட்டியாகிவிட்டது" என்று எவரும் கணக்குக் கொடுக்க முடியாது.

புற்றுநோயும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற கட்டி ஒன்று. உடம்பின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்ற வேர் வேறொன்று. கட்டியை அறுத்து எடுத்தவுடன் நோய் தீர்ந்துவிட்டதென்று நினைத்துப் பாதியிலேயே நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்காக அவர்கள் நிற்பதில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, சம்பளம் பிடிபடுகிறது, உடம்பு தாங்கவில்லை என்ற காரணங்களால்தான் நிற்கிறார்கள். ஆகவே இன்றைய பேச்சில், புற்றுநோய் எப்படி வருகிறது என்பதைக் காட்டிலும், தொடங்கிய சிகிச்சையை எப்படி முடிப்பது, அதற்கு நாம் ஒவ்வொருவரும் எந்தப் பங்கை ஏற்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுவோம்.

சிகிச்சை ஏன் இத்தனை நாள்?

முதலில், சிகிச்சை ஏன் இவ்வளவு நீண்டு போகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். இது தெரியாததாலேயே பலருக்குப் பொறுமை போய்விடுகிறது.

நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். அதை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. அதற்கு முன்போ பின்போ, பலருக்குக் கீமோ என்னும் ஊசி மருந்து ஏற்றப்படும். இது மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு அல்லது எட்டு முறை நடப்பது வழக்கம். ஒவ்வொரு முறைக்கும் முன்பு இரத்தப் பரிசோதனை. அதன் பிறகு கதிர்வீச்சு. சிலர் இதைக் 'கரண்டு வைப்பது' என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரங்கள் அது நடக்கும். அதற்கும் பிறகு, சிலருக்கு ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ நாள்தோறும் ஒரு மாத்திரை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று சொல்வது டாக்டரின் வசதிக்காக அல்ல. ஊசி மருந்து புற்றணுவை, அதாவது கட்டுக்கடங்காமல் பெருகும் உயிரணுவைக் கொல்லும்போது நல்ல உயிரணுவையும் தாக்குகிறது. நல்ல உயிரணு தேறுவதற்குச் சில நாள் தேவை. ஆனால் மிகுந்த நாள் விட்டால் புற்றணுவும் தேறிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டுத்தான் தேதி எழுதித் தருகிறார்கள். அந்தத் தேதியும் மருந்தின் ஒரு பகுதிதான்.

கதிர்வீச்சில் இது இன்னும் கண்டிப்பானது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கொடுப்பதும் உள்ளே வைத்துக் கொடுப்பதும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ஆறு ஏழு வாரங்கள் இடைவிடாது கொடுக்கிறார்கள். இடையில் வீணாகும் ஒவ்வொரு நாளுக்கும், நோய் கட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் நம் மூத்தவர்களிடம் இருந்துவந்ததால், மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடையேதான் மிகுதி. ஆகவே இந்தக் கணக்கு நமக்கு மிகவும் வேண்டிய கணக்கு.

சீக்கிரம் வந்து, முழுதாக முடித்தால் பலன் உண்டா? உண்டு. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மார்பகப் புற்றுநோயை முதற்கட்டத்தில் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்தார்கள். நான்காம் கட்டத்தில் கண்டவர்களில் அப்படி வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். 'புற்றுநோய் வந்தால் போக வேண்டியதுதான்' என்று சொல்வது இன்று பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மருத்துவமனைக் கட்டணம் ஐந்து ரிங்கிட், போய்வருவதற்கு?

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ஒரு தாய், வயது நாற்பத்தைந்து. வெளிக்காட்டு வேலை. கணவர் குலை வெட்டுகிறார். மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. வயதான மாமியார் வீட்டில். இந்தத் தாய்க்குக் கிள்ளான் மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகிறது.

அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது ஒரு தடவைக்கு ஐந்து ரிங்கிட்தான். "இலவசம் மாதிரிதானே, பிறகென்ன கஷ்டம்?" என்று வெளியிலிருப்பவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஊசி மருந்து ஆறு முறை. அதற்கு முன் இரத்தப் பரிசோதனை ஆறு முறை. ஆகப் பன்னிரண்டு பயணம். கதிர்வீச்சுக்குப் பதினைந்து நாள். கதிர்வீச்சுக் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. கோலாலம்பூருக்கோ, 2013-இல் புத்ராஜெயாவில் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ போக நேரலாம். படம் எடுக்க, புண்ணைத் துடைத்துக் கட்ட, டாக்டரைப் பார்க்க என்று இன்னும் எட்டுப் பயணம். குறைத்துக் கணக்கிட்டாலும் முப்பத்தைந்து தடவை. துணைக்கு ஒருவர் வராமல் முடியாது. இருவருக்கும் போய்வரும் செலவும் சாப்பாடும் நாற்பது ரிங்கிட் என்று வைத்தால், மொத்தம் 1,400 ரிங்கிட்.

அத்தோடு போயிற்றா? கணவர் துணைக்குப் போகும் நாட்களுக்கு அவருக்குப் பேர் விழாது. 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். இருபத்தாறு நாள் வேலையென்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். முப்பத்தைந்து நாளுக்கு 2,275 ரிங்கிட் போய்விடும். இரண்டையும் கூட்டினால் 3,675 ரிங்கிட். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல்!

இந்தத் தாய் நான்காவது ஊசிக்குப் பிறகு, "கட்டிதான் கரைந்துவிட்டதே, இனி வேண்டாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை வாங்க வேண்டும்" என்று சொன்னால், அது அறியாமையா? பாதி அறியாமை, மீதிப் பாதி கையில் காசில்லாத கொடுமை. இப்படிப்பட்டவரைத் திட்டிப் பயனில்லை. அவர் சுமக்கும் சுமையைப் பிரித்துச் சுமக்க ஆள் வேண்டும்.

வழித்துணை என்னும் யோசனை

இந்த உண்மையை முதன்முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் ஹாரல்ட் ஃபிரீமன். நியூயார்க் நகரத்தில் ஹார்லெம் என்ற பகுதியில், ஏழைக் கறுப்பின மக்கள் வந்து போகும் மருத்துவமனையில் அவர் அறுவை மருத்துவராக இருந்தார். அங்கே மார்பகப் புற்றுநோயோடு வந்த பெண்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர்தான். அவர்கள் மிகவும் தாமதித்து வந்தார்கள். வந்தவர்களும் படிவம், கட்டணம், பயம், வீட்டுத் தொல்லை என்ற முட்களில் சிக்கி நின்றார்கள்.

அவர் 1990-இல் ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வழித்துணைவர். அந்த வழித்துணைவர் மருந்து கொடுப்பவர் அல்லர். "அடுத்த தேதி எது? ஏன் வரவில்லை? பணமா, பயமா, பிள்ளையா? அதற்கு யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டுக் கூடவே நடப்பவர். மலிவான பரிசோதனையும் இந்த வழித்துணையும் சேர்ந்தபின், ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 70 பேராக உயர்ந்தார்கள்.

அது எங்கேயோ அமெரிக்காவில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் கிள்ளானிலும் நடந்தது. கேன்சர் ரிசர்ச் மலேசியா என்னும் அமைப்பு, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையுடன் சேர்ந்து 2014-இல் இப்படிப்பட்ட வழித்துணைத் திட்டத்தை மார்பக நோயாளிகளுக்காகத் தொடங்கியது. தாதியர் தொலைபேசியில் அழைத்துத் தேதியை நினைவூட்டினார்கள். பயந்தவர்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். பணமில்லாதவர்களை உதவி கிடைக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். முன்பு சிகிச்சையை விட்டுவிட்டவர்கள் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். வழித்துணை வந்தபின் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. மருந்து மாறவில்லை; டாக்டர் மாறவில்லை. கூட நடக்க ஒருவர் வந்தார், அவ்வளவுதான்.

நேயர்களே, எல்லா மருத்துவமனையிலும் இப்படிப்பட்ட தாதி இருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு வழித்துணைவரை வைத்துக்கொள்ள முடியும். நோயாளியின் மகளாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், அடுத்த வீட்டு அக்காவாக இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவராக, மலாயில் நாலு வார்த்தை பேசக் கூடியவராக, பொறுமையுள்ளவராக இருந்தால் போதும். எல்லாரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஆகவே ஒருவர்தான் பொறுப்பு. மற்றவர்கள் அவர் கேட்பதைச் செய்பவர்கள்.

அவர் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். அதில் எல்லாத் தேதிகளையும், மருந்தின் பெயரையும், கிளினிக்கின் தொலைபேசி எண்ணையும், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதட்டும். மருத்துவமனைக் கார்டு, அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கட்டும். ஊசி போட்ட நாளெல்லாம் ஒரு கோடு. சின்னப் பிள்ளையும் பார்த்து, "அம்மா, இன்னும் இரண்டுதான்!" என்று சொல்லும். அந்தச் சொல் பல மருந்துக்குச் சமம்.

யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

இனி, உதவி எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்போம். விதிமுறைகள் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. ஆகவே நாம் சொல்வதை வைத்துக்கொண்டு நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவதாக, மருத்துவமனையின் சமூகப் பணியாளர். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அதன் வாசலைக் கடந்து போகிறார்கள். நோய் உறுதியான அன்றே, "எங்களால் செலவைச் சமாளிக்க முடியாது, சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும்" என்று டாக்டரிடமோ தாதியிடமோ கேளுங்கள். விலை மிகுந்த மருந்துக்கும் கருவிக்கும் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர் வழிகாட்டுவார். அடையாள அட்டையிலோ பிறப்புப் பத்திரத்திலோ சிக்கல் உள்ளவர்கள் அதை மறைக்காமல் முதல் நாளே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவதாக, பேக்கா பி40 திட்டம். 2019-இல் அரசாங்கம் தொடங்கிய இத்திட்டத்தில் நமக்கு வேண்டிய இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கான ஊக்கத்தொகை 1,000 ரிங்கிட். இதில் 300 ரிங்கிட் சிகிச்சை தொடங்கும்போதும், 700 ரிங்கிட் முடித்த பிறகும் என்று வகுத்திருந்தார்கள். பெரும்பகுதியை முடித்த பிறகு கொடுப்பதன் நோக்கம் உங்களுக்கே விளங்கும். மற்றொன்று, போக்குவரத்து உதவி; தீபகற்பத்தில் உள்ளவர்களுக்கு 500 ரிங்கிட் வரையும், சபா, சரவாக், லாபுவானில் உள்ளவர்களுக்கு 1,000 ரிங்கிட் வரையும். அரசாங்க உதவித் தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உரியது இது. நாம் முன்பு போட்ட கணக்கில் 1,400 ரிங்கிட் பயணச் செலவு வந்ததல்லவா? இந்த இரண்டும் கிடைத்தால் அதை அடைத்துவிடலாம்.

மூன்றாவதாக, வேலை செய்யும் இடம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு மருத்துவ விடுப்புக் கொடுக்கிறது. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள்; 2023 முதல் இது மேலே சொன்ன விடுப்புக்குப் புறம்பானது. மருத்துவமனையில் தங்கவேண்டிய அளவு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, ஏதோ காரணத்தால் வீட்டிலிருந்தாலும் சட்டம் அதைத் தங்கியதாகவே கருதும். ஆனால் விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஆகவே மருத்துவமனையிலிருந்து திரும்பியவுடன் சீட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காமல், வழித்துணைவர் அன்றே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தகராறு வந்தால் தொழிற்சங்கத்தைப் பார்க்கட்டும்.

நான்காவதாக, சொக்சோவும் சேமநிதியும். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தது நம்முடைய பணம். நோயால் இனி வேலைக்கே போக முடியாது என்ற நிலை வந்தால், அறுபது வயதுக்கு முன்பே சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். சந்தா கட்டிய கணக்கைப் பார்த்து, மருத்துவக் குழு முடிவு செய்யும். ஊழியர் சேமநிதியில் புற்றுநோய் போன்ற கொடிய நோய்களின் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கும் வசதியும் உண்டு. ஆனால் எடுப்பதற்கு முன் ஒன்றை நினைவில் வைப்போம்: கலியாணக் கடனையும் மோட்டார் சைக்கிள் தவணையையும் அடைப்பதற்கு இது சமயமல்ல.

ஐந்தாவதாக, மாவட்டச் சமூக நல இலாகா. வீட்டில் சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் மாத உதவிக்கு அங்கே மனுப் போடலாம். விசாரிக்க அதிகாரி வருவதற்குக் காலமாகும். ஆகவே அரிசி தீர்ந்த பிறகு போகாமல், முன்னாடியே போக வேண்டும்.

இத்தனை கதவுகள் இருந்தும் ஏன் பலருக்குப் பயன்படுவதில்லை? ஒவ்வொரு கதவும் வேறு வேறு கட்டடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். நோயாளியே இவற்றையெல்லாம் சுற்ற முடியாது. மருத்துவச் சான்று ஒன்றை வாங்கும்போதே நான்கு நகல் எடுத்து, ஒரே வாரத்தில் நான்கு இடத்திலும் கொடுப்பதுதான் வழித்துணைவரின் திறமை.

லயத்தில் இருப்பவர்களின் பங்கு

அரசாங்கம் கொடுப்பது பணம். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைக்குக் காப்பி போட்டுக் கொடுக்கப் படிவத்தால் முடியாது. அதற்கு அக்கம்பக்கம்தான் வேண்டும்.

முன்பெல்லாம் தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் லயம் முழுவதும் அடுப்பு மூட்டாது. ஒரு வீட்டில் கலியாணம் என்றால் எல்லாக் கையும் பந்தல் போடும். பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்ட பின்பும் அந்தக் குணம் நம்மைவிட்டுப் போய்விடவில்லை. அதே குணத்தை ஒரு சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டும். கடினம் எதுவென்றால், சாவு மூன்று நாள். சிகிச்சை பல மாதம். முதல் வாரம் பழமும் பாலும் வாங்கி வந்து குவிப்பார்கள். நான்காவது மாதம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சிகிச்சை அறுந்து போவது அந்த நான்காவது மாதத்தில்தான்.

ஆகவே முறை போட்டுக்கொள்வோம். ஊசி போடும் நாளில் சமையல் ஒரு வீடு. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது ஒரு வீடு. மாமியாருக்குச் சாப்பாடு ஒரு வீடு. கார் வைத்திருக்கும் இளைஞர் நான்கு பேர் மாதம் இரண்டு பயணம் ஏற்றுக்கொண்டால், கணவர் வேலையை விடாமல் இருக்கலாம். கோயில் நிருவாகமும் இளைஞர் மணிமன்றமும் திருவிழாவுக்கு வசூலிக்கும்போது, பெட்ரோலுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கலாம். மாரியம்மனுக்கு அது குறையாகாது.

பக்கவிளைவு வந்தால் நிறுத்தாதீர்கள், கேளுங்கள்

சிகிச்சையைப் பலர் விடுவதற்கு இன்னொரு காரணம், அது கொடுக்கும் வேதனை. குமட்டல், வாய்ப்புண், சோர்வு, தலைமுடி உதிர்தல். இவை வரும் என்று முன்னாடியே தெரிந்தால் பயம் பாதி குறையும். உதிர்ந்த முடி பெரும்பாலும் சிகிச்சை முடிந்தபின் முளைக்கும். குமட்டலுக்கு நல்ல மாத்திரைகள் உண்டு. ஒன்று பிடிக்கவில்லையென்றால் வேறொன்று தருவார்கள். கேட்டால்தானே தருவார்கள்? அடுத்த தேதிக்குப் போகாமல் இருப்பது மருந்துக்குப் பதில் அல்ல.

ஒன்றை மட்டும் மிக அழுத்தமாகச் சொல்கிறோம். ஊசி மருந்து ஏற்றிய பின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணு குறையும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 38 பாகையோ அதற்கு மேலோ போனால், பனடோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், "கீமோ எடுக்கிறவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காய்ச்சல் மானி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பத்தியம் என்று சொல்லி மீன், முட்டை, கோழி எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கும் வழக்கம் உண்டு. உடம்பு மெலிந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப் போடும்படி ஆகும். நன்றாக வேகவைத்த மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் வேண்டும். புற்றுநோய் தொற்றுநோயல்ல, தட்டையும் குவளையையும் பிரித்து வைப்பது அந்த மனத்தைப் புண்படுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

துரியான் பெலாண்டா இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்று கரையும் என்று யாராவது வந்து சொல்வார்கள். அன்பினால்தான் சொல்வார்கள். அவர்களைக் கோபிக்க வேண்டாம். ஆனால் ஊசிக்குப் பதிலாக அதைக் குடித்து ஆறு மாதம் கழித்து வருகிறவர்களிடம், கட்டியும் அந்த ஆறு மாதத்தில் வளர்ந்தே வரும். கஷாயம், மூலிகை எதைக் குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் மருந்தோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். வேண்டுதல் வையுங்கள், திருநீறு பூசுங்கள், பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் ஊசி போடும் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இடையில் விட்டவர்களுக்கு

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், ஏற்கெனவே சிகிச்சையைப் பாதியில் விட்டவர் ஒருவர் இருக்கலாம். "இப்போது போனால் டாக்டர் ஏசுவார், தாதி கேள்வி கேட்பார்" என்ற வெட்கத்தால் அவர் போகாமல் இருக்கலாம். அவருக்கு நாம் சொல்வது: போங்கள். நாளைக்கே போங்கள். பழைய கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். கார்டு தொலைந்திருந்தாலும் போங்கள். ஒரு வார்த்தை கடுமையாக வந்தாலும் அது ஒரு நிமிடம்தான். விட்ட இடத்திலிருந்து என்ன செய்யலாம் என்பதை மருத்துவர்கள் பார்ப்பார்கள். தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சிலருக்கு நோயை முற்றாக நீக்க முடியாது என்று டாக்டர் சொல்லலாம். அப்போதும் மருத்துவம் முடிந்துவிடவில்லை. வலியைக் குறைக்கவும், மூச்சுத் திணறலைத் தணிக்கவும், வீட்டில் நிம்மதியாக இருக்கவும் வழி உண்டு. இதற்கென்றே வலி தணிப்புப் பிரிவுகளும், நோயாளியின் வீட்டுக்கே வந்து பார்க்கும் அமைப்புகளும் நம் நாட்டில் இருக்கின்றன. அதையும் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

நேயர்களே, அந்தக் கோல சிலாங்கூர்த் தாயிடம் திரும்பி வருவோம். நான்காவது ஊசி முடிந்திருக்கிறது. ஐந்தாவது ஊசி வரும் செவ்வாய்க்கிழமை. போவதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் புதிய மருந்து எதுவும் தேவையில்லை. "செவ்வாய்க்கிழமை நான் கார் கொண்டு வருகிறேன், அக்கா. பிள்ளையை என் வீட்டில் விட்டுவிடுங்கள். படிவத்தை நான் நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று சொல்லும் மூன்று பேர் தேவை.

உங்கள் லயத்தில், உங்கள் தாமானில் அப்படி ஒரு தாய் இருக்கிறாரா என்று இன்றைக்கே விசாரியுங்கள். இருந்தால், அவருடைய அடுத்த தேதி எது என்று கேளுங்கள்.